பெயரில் மட்டும் ஆசிரியர்

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் வெளியிடும் ஆண்டு மலர்களில் 'மாணவ ஆசிரியர் குழு' என்றொரு பட்டியல் அச்சிடப்படுகிறது. அப்பட்டியலில் இடம்பெறும் மாணவர்கள் பெரும்பாலும் எதற்கும் ஆசிரியர்கள் அல்லர் என்பதே இப்பதிவின் வாதம். ஆசிரியர்க்குரிய உழைப்பு முழுவதும் அவர்களிடமிருந்து பெறப்படுகிறது; ஆசிரியர்க்குரிய அதிகாரம் எதுவும் வழங்கப்படுவதில்லை. குடிபாலா போன்ற எல்லைப்புற ஊர்களிலிருந்து வரும் தமிழ் மாணவர்க்கு இந்த ஏற்பாடு எழுத்தின் வாயிலையே அடைத்துவிடுகிறது. ஆகவே நீளமாக எழுதுகிறேன், பொறுத்தருள்க.

ஏதேனும் ஓர் ஆண்டு மலரை எடுத்துப் புரட்டுங்கள். துணைவேந்தர் வாழ்த்து, பதிவாளர் வாழ்த்து, புலமுதன்மையர் வாழ்த்து, துறைத்தலைவர் அணிந்துரை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், ஒரு வண்ணப்படம். அடுத்து, அவ்வாண்டு நடந்த கருத்தரங்குகளில் பொன்னாடை போர்த்தப்பட்ட காட்சிகள். பின்னர்ப் பேராசிரியர்களின் கட்டுரைகள். மிஞ்சிய இடத்தில் அன்னையைப் பற்றி நான்கு கவிதைகள், நட்பைப் பற்றி மூன்று, கைப்பேசியின் தீமைகளைப் பற்றி ஒரு கட்டுரை.

இதில் மாணவ ஆசிரியர் செய்தது என்ன? படைப்பு கேட்டு வகுப்பு வகுப்பாக அலைந்தார். கையெழுத்துப் படிகளைத் தட்டச்சு செய்தார். பழைய எழுத்துருவில் வந்தவற்றை ஒருங்குறிக்கு மாற்றினார். மெய்ப்புப் பார்த்தார். அச்சகத்துக்கு நடையாய் நடந்தார். வெளியீட்டு விழாவன்று கட்டுகளைச் சுமந்து வந்து மேடையோரம் நின்றார். ஒரு படைப்பை வேண்டாமென்று மறுக்கும் உரிமையும், ஒரு படைப்பை முதலிடத்தில் வைக்கும் உரிமையும் அவருக்கு ஒருநாளும் இல்லை. அவ்விரண்டும் இல்லாதவரை ஆசிரியர் என்றழைப்பது சொற்பொருளியல் நோக்கில் பிழை, அறநோக்கில் பொய்.

மாணவர் கையில் உண்மையான ஆசிரியப் பொறுப்பு இருந்தால் என்ன நிகழும் என்பதற்குச் சிகாகோ பல்கலைக்கழகம் நல்ல சான்று. அங்கு 1946இல் மாணவர்கள் தொடங்கிய இதழ் 'சிகாகோ ரிவ்யூ'. 1958இல் அதன் ஆசிரியராக இருந்தவர் இர்விங் ரோசந்தால் என்னும் ஆய்வு மாணவர். பதிப்பாளர் தயங்கிய காலத்தில் வில்லியம் பரோஸின் 'நேக்கட் லஞ்ச்' நாவற்பகுதிகளை அவரும் அவர் தோழர்களும் வெளியிட்டனர். அவ்வாண்டு அக்டோபரில் ஒரு நாளேட்டுப் பத்தியாளர், பல்கலைக்கழகம் ஆபாசத்தை அச்சிடுகிறது என்று எழுதினார். பல்கலைக்கழகத் தலைமையில் இருந்த லாரன்ஸ் கிம்ப்டன் அடுத்துவர இருந்த குளிர்கால இதழை நிறுத்தினார். ஆசிரியர் எழுவரில் அறுவர் பதவி விலகினர். தடுக்கப்பட்ட படைப்புகளைக் கொண்டே 1959இல் 'பிக் டேபிள்' என்ற புதிய இதழைத் தொடங்கினர். அஞ்சல்துறை அதன் படிகளைத் தடுத்து வைத்தது, வழக்கு நடந்தது, 1960இல் நீதிபதி ஜூலியஸ் ஹாஃப்மன் அவ்விதழ் ஆபாசமன்று எனத் தீர்ப்பளித்தார். பரோஸை ஒருவர் விரும்பலாம், வெறுக்கலாம். ஆனால் அந்த அறுவரும் தங்கள் பெயருக்கு முன்னால் இருந்த 'ஆசிரியர்' என்ற சொல்லுக்குப் பொருள் உண்டென்று நம்பினர். அப்பொருள் பறிக்கப்பட்டபோது சொல்லையும் திருப்பிக் கொடுத்தனர். நம் மலர்களில் எவரேனும் பதவி விலகியதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? விலகுவதற்கு ஒரு பதவி இருக்க வேண்டுமே.

'அது அமெரிக்கா' என்று கடந்துபோக வேண்டா. கேரளக் கல்லூரிகளில் இதழாசிரியர் என்பது மாணவர் தேர்தலில் வாக்குப் பெற்று வரும் பொறுப்பு. 2016இல் கோழிக்கோட்டுக் குருவாயூரப்பன் கல்லூரி மாணவர்கள் 'விஸ்வவிக்யாதமாய தெறி' என்ற பெயரில் ஓர் இதழ் கொண்டுவந்தனர். 'தெறி' என்றால் மலையாளத்தில் வசைச்சொல். நாள்தோறும் புழங்கும் வசைகளுக்குள் சாதியும் பாலினமும் எவ்வாறு ஒளிந்திருக்கின்றன என்பதே அதன் பொருள். குடிசையைக் குறித்த 'செற்ற' என்னும் சொல் ஏழையின் இருப்பிடத்திலிருந்து ஏழையின் மேல் எறியும் கல்லாக மாறியதை நினைத்துப் பாருங்கள். தமிழில் 'சேரி' நடந்து வந்த வழியும் அதுதான். சங்க நூல்களில் எல்லாரும் வாழும் குடியிருப்புப் பகுதிக்கும் பொதுவாயிருந்த சொல் இன்று எங்கே நிற்கிறது? சொற்பொருள் இழிபு என்று மொழியியல் வகுப்பில் ஒரு வாரம் நடத்தும் பாடத்தை இளங்கலை மாணவர்கள் ஓர் இதழாக்கிவிட்டனர். அதன் படிகளை ஏபிவிபி அமைப்பினர் எரித்தனர் என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே.

நமக்கு இன்னும் அருகில், 2018இல், புதுவைப் பல்கலைக்கழக மாணவர் பேரவை ஓர் ஆண்டிதழ் வெளியிட்டது. 'விடர்ஷ்டாண்ட்' என்பது அதன் பெயர். எதிர்ப்பு என்று பொருள்படும் ஜெர்மன் சொல். அங்கும் அதே அமைப்பு எதிர்த்தது. நிர்வாகம் இதழின் விநியோகத்தை நிறுத்தியது. எட்டாம் வகுப்பைத் தாண்டாத கி. ராஜநாராயணனைப் பேராசிரியர் இருக்கையில் அமர்த்திப் பெருமை தேடிக்கொண்ட அதே பல்கலைக்கழகம்தான் இது. பட்டமில்லாத முதியவரின் சொல்லை நம்பத் துணிந்த நிறுவனத்துக்குத் தன் மாணவரின் சொல்லை நம்பும் துணிவு இல்லாமற்போயிற்று.

தமிழுக்குள்ளேயே வேறொரு மரபும் உண்டு. இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் 'இளங்கதிர்' 1940களின் இறுதியில் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் பேராதனையில் பயின்ற செங்கை ஆழியான், செம்பியன் செல்வன் முதலிய மாணவர்கள் 'பல்கலை வெளியீடு' என்ற பெயரில் தாங்களே பதிப்பாளர் ஆயினர். 1962இல் 'கதைப்பூங்கா' என்ற சிறுகதைத் தொகுப்பைக் கொண்டுவந்தனர். பின்னாளில் ஈழத்துப் புனைகதையில் நிலைத்த பெயர்கள் அவை. எவருடைய அணிந்துரையும் அவர்களை எழுத்தாளராக்கவில்லை. எதைச் சேர்ப்பது, எதை விடுப்பது என்று தமக்குள் வாதிட்ட மாலைப்பொழுதுகளே அவர்களை உருவாக்கியிருக்கும் என்று கருதுகிறேன்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். சித்தூர் மாவட்டம் 1911இல் உருவானது. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது அதனோடு சென்றது. படாஸ்கர் பரிந்துரையின் வழியே 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. குடிபாலா ஆந்திரத்தில் தங்கிற்று. 2022இல் திருப்பதியும் தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இவ்வாறு நகர, மக்கள் இருந்த இடத்தில் இருந்தபடியே சிறுபான்மையாயினர். வேலூர்ச் சாலையில் சிறிது தொலைவு சென்றால் தமிழ்நாடு. இப்பக்கம் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம். இத்தகைய பின்னணியிலிருந்து வரும் ஒருவர் தமிழ் முதுகலையில் சேர்ந்து முதல் கதையை எழுதினால் அதை எங்கே அனுப்புவார்? சென்னைச் சிற்றிதழ்களின் முகவரி அவருக்குத் தெரியாது. அவருக்குக் கிட்டும் ஒரே அச்சுப் பக்கம் துறையின் மலர்.

அந்தக் கதையில் ஒருவன் 'வந்துகினு இருந்தான்' என்று வைத்துக்கொள்வோம். வடஆற்காட்டு வழக்கு அப்படித்தான் பேசும். பொறுப்பாசிரியரின் சிவப்பு மை அதனை 'வந்துகொண்டிருந்தான்' என்று திருத்தும். '-கினு' என்பது 'கொண்டு' என்னும் துணைவினையின் ஒலித்திரிபு. தென்பகுதியின் '-கிட்டு' எவ்வளவு இலக்கணமோ அவ்வளவு இலக்கணம் இதுவும். திரைப்படம் வழியாக ஒரு வழக்கு பொதுவழக்காகிவிட்டது. மற்றது 'கொச்சை'யாக எஞ்சியது. பாத்திரத்தின் வாயிலிருந்து அச்சொல்லைப் பிடுங்கியபின் அக்கதை எந்த ஊரிலும் நடக்கவில்லை. அந்த மாணவர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான்: தன் வீட்டில் பேசுவது தமிழன்று. அடுத்த ஆண்டு அவர் அன்னையைப் பற்றி ஒரு கவிதை தருவார். அது திருத்தமின்றி வெளிவரும்.

அதே ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவர் உண்மையான ஆசிரியராக இருந்திருந்தால் அச்சொல் தப்பியிருக்கும். அவர் காதுக்கு அது பிழையாகக் கேட்டிராது. மாணவ ஆசிரியரின் தேவை இங்கேதான் இருக்கிறது: பேராசிரியரின் செவிக்கு எட்டாத மொழி அவருடைய செவிக்கு எட்டும்.

எதிர்வாதங்களை அறிவேன். மாணவர்க்கு முதிர்ச்சி போதாது என்பது முதலாவது. பாரதி 1904இல் சுதேசமித்திரனில் துணையாசிரியராகச் சேர்ந்தபோது இருபத்திரண்டு வயது நிரம்பவில்லை. நம் முதுகலை மாணவரின் வயது அது. மாணவர் படைப்புகள் தரமற்றவை என்பது இரண்டாவது. பலவும் அப்படித்தான் இருக்கின்றன. மறுக்கும் அதிகாரம் ஒருவருக்கும் இல்லாத இடத்தில் தரம் எங்கிருந்து வரும்? சர்ச்சை எழும் என்பது மூன்றாவது. எழலாம். சர்ச்சையே எழாத இலக்கிய இதழை நடத்துவதற்குப் பல்கலைக்கழகம் எதற்கு, வாழ்த்து அட்டை அச்சகம் போதுமே.

மாணவர் பக்கத்துக் குறைகளையும் சொல்ல வேண்டும். அதிகாரம் கிடைத்த இடங்களில் நண்பர்களின் கவிதைகளால் இதழை நிரப்பியவர்கள் உண்டு. கட்சித் துண்டறிக்கையாக மாற்றியவர்கள் உண்டு. தம் சாதி வட்டத்துக்கு அப்பால் கை நீட்டாதவர்களும் உண்டு. இவற்றுக்கு மருந்து வெளிப்படையான விதிகள். பொறுப்பாசிரியரின் மௌனத் தணிக்கை இவற்றை ஒளித்து வைக்குமேயன்றித் தீர்க்காது.

பேசப்படாத காரணம் ஒன்று உண்டு. அது பதவி உயர்வு. ஐ.எஸ்.எஸ்.என். எண் வாங்கிய நாளிலிருந்து பல துறை இதழ்கள் ஆசிரியர்களின் மதிப்பெண் களஞ்சியங்களாகிவிட்டன. நாக் குழு வருகைக்குச் சான்றாவணம் வேண்டுமென்பதற்காகவே உயிர்த்தெழும் மலர்களும் உள்ளன. பேராசிரியர்கள் தங்கள் ஆய்விதழைத் தாராளமாக நடத்தட்டும். அதன் அட்டையில் மாணவர் பெயரை ஒட்டி, 'மாணவர் இதழ்' என்று கணக்குக் காட்ட வேண்டா.

கேட்பது பெரிதன்று. மாணவ ஆசிரியர் குழுவை மாணவரே தேர்ந்தெடுக்கட்டும். படைப்பாளியின் பெயரை மறைத்துப் படைப்புகள் தெரிவு செய்யப்படட்டும். பொறுப்பாசிரியர் அறிவுரை சொல்லட்டும். சட்டச் சிக்கல் கருதி ஒன்றை நிறுத்தினால் காரணத்தை எழுத்தில் தரட்டும். வாழ்த்துரைகள் அனைத்தும் சேர்ந்து ஒரே பக்கத்தில் அடங்கட்டும். ஒரு படைப்பில் கைவைக்குமுன் எழுதியவரின் ஒப்புதல் பெறப்படட்டும்.

இவற்றைத் தர இயலாது என்று கருதும் துறைகளுக்கு எளிய வழி ஒன்றுண்டு: பட்டியலின் தலைப்பை மாற்றிவிடுங்கள். 'தட்டச்சும் மெய்ப்பும் சுமைக்கூலியும்: மாணவர்கள்' என்று அச்சிடுங்கள். மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல்: அடுத்த மலருக்கு உங்கள் பெயரைக் கேட்டு வரும்போது, எதை மறுக்கும் உரிமை எனக்கு உண்டு என்று முதலில் கேளுங்கள். விடை கிடைக்கும்வரை பெயரைக் கொடுக்காதீர்கள்.