அந்த மனுக்களை நாமே வாசிப்போம்



சில ஆண்டுகளுக்கு முன்பு நமது ஆராதனையில் நான் கொடுத்த ஒரு செய்தியை இன்று உங்கள் முன்பாகத் திருத்திக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன். முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் வந்தது. அப்பொழுது உண்மையான விசுவாசிகள் மறுத்து நின்றார்கள் என்றும், மற்றவர்கள் உலகத்தோடு ஒத்துப்போனார்கள் என்றும் அன்று பேசினேன். பிற்காலத்து நூல் ஒன்றில் வாசித்ததையே அப்படிச் சொன்னேன். அக்காலத்து ஆவணங்களைப் பின்னர் நேரில் வாசித்தபோது என் பேச்சு எவ்வளவு எளிதாக அமைந்துவிட்டது என்று வெட்கப்பட்டேன்.

அச்சட்டம் 1916 ஜனவரியில் நிறைவேறியது. 18 முதல் 41 வயது வரையுள்ள மணமாகாத ஆண்களும், பிள்ளைகளில்லாத மனைவியை இழந்தோரும் முதலில் அதற்குள் வந்தார்கள். அதே ஆண்டு மே மாதத்தில் மணமானவர்களும் சேர்க்கப்பட்டார்கள். உள்துறை அமைச்சராயிருந்த சர் ஜான் சைமன் இதற்கு உடன்படாமல் பதவி விலகினார். விலக்குக் கோருவோரை விசாரிக்க ஊர்தோறும் தீர்ப்பாயங்கள் அமைந்தன. தொழில், குடும்ப நெருக்கடி, உடல்நலக் குறைவு, மனச்சாட்சி எனப் பல காரணங்களின்பேரில் மனுச் செய்ய இடமிருந்தது.

போர் முடிந்தபின் 1921-ஆம் ஆண்டில் இக்கோப்புகளை அழித்துவிடும்படி அரசு உத்தரவிட்டது. மாதிரிக்கென்று மிடில்செக்ஸ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் கோப்புகளும், ஸ்காட்லாந்தில் ஒரு தொகுப்பும் வைக்கப்பட்டன. மிடில்செக்ஸ் கோப்புகளை இன்று பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் காணலாம். அவை பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றில் மனச்சாட்சியினிமித்தம் மறுத்தவர்களின் மனுக்கள் நூற்றுக்கு ஐந்து அளவுதான்! மற்றவையெல்லாம் கடையை விட்டுப் போக இயலாதவர்கள், தாய்க்கு ஆதரவானவர்கள், நோயாளிகள் ஆகியோரின் மனுக்கள். அன்று நான் பேசிய செய்தியில் இவர்களுக்கு இடமேயில்லை.

இவர்களை விசுவாசத்தில் குறைந்தவர்கள் என்று சொல்லத் துணிவோமா? உபாகமம் 20-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். புதுவீடு கட்டியவன், திராட்சத்தோட்டம் நாட்டியவன், பெண்ணை நியமித்துக்கொண்டவன், பயந்த நெஞ்சமுள்ளவன் ஆகிய நால்வரையும் வீட்டுக்குத் திருப்பியனுப்பச் சொல்கிற வேதம் அது. மிடில்செக்ஸ் மனுதாரர் பலர் நின்ற இடமும் அதற்குத் தூரமானதல்ல.

மனச்சாட்சிக்காரரின் பாடு சிறியது என்று நான் சொல்லவில்லை. யார்க்‌ஷயரிலுள்ள ரிச்மண்ட் கோட்டையின் சிறையறைச் சுவர்களில் அவர்கள் பென்சிலால் எழுதியவை இன்றும் உள்ளன. மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த பெர்ட் பிராக்கிள்ஸ்பி தமக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணின் முகத்தை அங்கே வரைந்தார். பிரான்சுக்குக் கொண்டுபோகப்பட்டு, 1916 ஜூனில் மரணதண்டனை வாசிக்கப்பட்டு, பின்பு அது பத்தாண்டுக் கடுங்காவலாக மாற்றப்பட்ட முப்பதுக்கும் மேற்பட்டோரில் அவரும் ஒருவர். அந்தச் சுவர் எந்தப் பிரசங்கத்தையும்விட என்னை அதிகம் அசைத்தது. ஆயினும் போரை எதிர்ப்பதில் பேர்பெற்ற குவேக்கர் சபையிலேயே படைக்குச் செல்லும் வயதினரில் ஏறத்தாழ மூன்றிலொருவர் போருக்குப் போனார்கள். ரோமர் 13-ஐ எடுத்தவர்களும் அப்போஸ்தலர் 5:29-ஐ எடுத்தவர்களும் ஒரே வேதத்தைக் கையில் வைத்திருந்தவர்களே.

மூல ஆவணம் என்றவுடன் அதையும் கண்மூடி நம்பிவிடலாகாது. தீர்ப்பாயத்துக்கு மனு எழுதியவன் அங்கே எடுபடும் என்று எண்ணியதையே எழுதியிருப்பான். விசாரணை செய்திகளை வெளியிட்ட உள்ளூர்ப் பத்திரிகைகள் சுவையான வாக்குவாதங்களைத் தேடி அச்சிட்டன. ஜெர்மானியன் உன் தாயைத் தாக்க வந்தால் என்ன செய்வாய் என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருவதை அங்கே காணலாம். மறுத்தவர்கள் நடத்திய "டிரிபியூனல்" என்ற இதழுக்கும் தன் பக்கம் உண்டு. பாராளுமன்றப் பதிவாகிய ஹான்சார்ட் பேச்சைத் தருமேயன்றி, பேசியவரின் உள்ளத்தைத் தராது. ஆகையால் ஒன்றை மற்றொன்றோடு வைத்துப் பார்க்கவேண்டும். முதலில் பேசுகிறவன் நியாயமுள்ளவனாகத் தோன்றுவதைப் பற்றி நீதிமொழிகள் 18:17 எச்சரிப்பதும் இதையே. லூக்காவும் தம் சுவிசேஷத்தைத் தொடங்குமுன் கண்ணாரக் கண்டவர்கள் ஒப்புவித்ததை ஆதிமுதல் விசாரித்தறிந்ததாகச் சொல்லுகிறார் அல்லவா?

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் ஒரே நூலை நம்பினேன். அதனால் நேர்ந்தது என்ன? தன் தாய்க்காக மனுக்கொடுத்த ஒருவனை, மரித்து இத்தனை ஆண்டுகள் சென்றபின், பீடத்தில் நின்று நியாயந்தீர்த்தேன். அவனுடைய விண்ணப்பத்தை வாசிக்காமலே தீர்த்தேன்.

வருகிற புதன்கிழமை வேதபாடத்தில் மிடில்செக்ஸ் மனுக்கள் சிலவற்றைப் பிரதியெடுத்துத் தமிழில் விளக்கிச் சொல்ல எண்ணியிருக்கிறேன். முடிவு எழுதப்பட்ட பகுதியை மடித்து வைத்திருப்பேன். உபாகமம் 20-ஐ வாசித்துவிட்டு வாருங்கள். ஒவ்வொரு மனுவுக்கும் நீங்கள் என்ன தீர்ப்புக் கொடுத்திருப்பீர்கள் என்று முதலில் எழுதிக்கொள்வோம், பிறகு மடிப்பைத் திறப்போம்.