மன்னிச்சாச்சு, ஆனா கேள்வி முடியலை!



சுவர் இதழில் வழக்கமாகப் பொன்மொழி, விடுகதை, சிரிப்புத் துணுக்கு எல்லாம் வரும். இந்தத் தடவை நான் கொஞ்சம் கனமான விஷயம் எழுதுகிறேன். மணி அடிக்கிறதுக்குள்ள முழுசாப் படிச்சிட்டுப் போங்க.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்று கிறிஸ்தவர்கள் புதுத்துணி உடுத்திக் கோயிலுக்குப் போகிற நாள். அன்று காலையில் இலங்கையில் கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் கோயில், நீர்கொழும்பு பக்கம் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகிய மூன்று இடங்களிலும், கொழும்பில் மூன்று பெரிய ஓட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260 பேருக்கு மேல் இறந்து போனார்கள். சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி முடிந்து வெளியே நின்ற சின்னப் பிள்ளைகளும் செத்துப் போனார்கள். அவர்கள் நம்மைப் போலத் தமிழ் பேசுகிற பிள்ளைகள். உயிரோடு இருந்தால் சில பேர் இப்ப நம்ம வயசுலதான் இருப்பாங்க.

இதைக் கேட்டதும் எல்லாரும் முதல்ல கேட்கிறது, "கும்பிடப் போன இடத்துலயே இப்படின்னா, சாமி எங்க போச்சு?" என்பதுதான். எங்க அப்பாயியும் அதைத்தான் கேட்டாங்க. அந்தக் கேள்வி தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா சாமியைத் திட்டினால் அதுவும் ஒரு வேண்டுதல்தான்.

ஆனால் சாமியைக் கேட்கிறதுக்கு முன்னாடி மனுஷனைக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இப்படி ஒரு தாக்குதல் நடக்கலாம் என்று இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4-ஆம் தேதியே இலங்கை உளவுத்துறைக்குத் தகவல் போய்விட்டது. குண்டு வெடித்தது 21-ஆம் தேதி. நடுவில் 17 நாள்! எச்சரிக்கை வந்தும் பெரிய பதவியில் இருந்தவர்கள் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. கோயில்களுக்கும் யாரும் சொல்லவில்லை. மனுஷன் தூங்கிட்டு சாமி மேல பழி போடறது எந்த ஊர் நியாயம்?

இதை நான் மட்டும் சொல்லவில்லை. பிள்ளைகளை இழந்த ஒரு தகப்பனாரும், பாதிரியார்களும், வக்கீல்களும் இலங்கை உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2023 ஜனவரி 12-இல் தீர்ப்பு வந்தது. தாக்குதல் நடந்தபோது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்தில் 10 கோடி இலங்கை ரூபாய் நஷ்டஈடு கட்ட வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். போலீஸ், உளவுத்துறை, பாதுகாப்புத் துறை அதிகாரிகளும் கட்ட வேண்டும் என்றார்கள். பணம் போன உயிரைத் திருப்பித் தராது. ஆனாலும் ஒரு சாதாரணத் தகப்பன் கேட்ட கேள்விக்கு நாட்டையே ஆண்டவர் பதில் சொல்ல வேண்டி வந்ததே, அது பெரிய விஷயம் இல்லையா?

அடுத்தது மன்னிப்பு. கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் 2020 ஈஸ்டர் பூசையில், தாக்கியவர்களை நாங்கள் மன்னித்து விட்டோம் என்று சொன்னார். ஆனால் அதே கர்தினால்தான் இதற்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்ற உண்மை வெளியே வர வேண்டும் என்று விடாமல் கேட்கிறார். 2021 மார்ச் 7-இல் இலங்கைக் கத்தோலிக்கர்கள் கறுப்பு உடை உடுத்திப் பூசைக்குப் போனார்கள். "மன்னிச்சாச்சுன்னா அப்புறம் என்ன கேஸு?" என்று சிலர் கேட்பார்கள். என் கருத்து என்னவென்றால், மன்னிப்பு வேற, நீதி வேற. மன்னிப்பு நம்ம மனசுல இருக்கிற விஷத்தை இறக்கி வைக்க. நீதி அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் இதே கதி வராமல் இருக்க. முதலாவது இழந்தவங்க தானா கொடுக்கிறது. யாரும் கையை முறுக்கிக் கேட்டு வாங்க முடியாது. இரண்டாவது அரசாங்கத்தின் கடமை. அதைக் கொடுக்காமல் இருக்க அரசாங்கத்துக்கு உரிமையே கிடையாது.

கடைசியா ஒன்று. அதைத்தான் நான் ரொம்பச் சொல்ல நினைத்தேன்.

குண்டு வைத்தவர்கள் தங்கள் மதத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் இலங்கை முஸ்லிம்களின் பெரிய மார்க்க அமைப்பான ஜம்இய்யத்துல் உலமா, அவர்கள் உடலை அடக்கம் செய்யக்கூட ஏற்க மாட்டோம் என்று சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் 2019 மே மாதத்தில் என்ன நடந்தது? ஒரு பாவமும் அறியாத முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் கும்பல் கும்பலாக வந்து அடித்து நொறுக்கினார்கள். ஒருவரைக் கொன்றும் விட்டார்கள். செத்துப்போன பிள்ளைகளுக்கு இதுல என்ன நீதி கிடைச்சுது? ஒரு வீட்டு அழுகை இன்னொரு வீட்டுக்கும் போனதுதான் மிச்சம்.

இது எங்கேயோ கடல் தாண்டி நடந்தது என்று நினைக்காதீர்கள். டி.வி.யில் குண்டுவெடிப்பு செய்தி வந்த மறுநாள், நம்ம கூடப் படிக்கிற பிள்ளையைப் பார்த்து "உங்க ஆளுங்கதான" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை சத்துணவுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமலே உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். கேட்டவங்களுக்கு அது கிண்டல். கேட்கப்பட்டவளுக்கு அன்னிக்குச் சோறு இறங்கலை. குற்றம் செய்தவனுக்குப் பேர் உண்டு, முகம் உண்டு. அவன் செஞ்சதுக்கு அவன்தான் பொறுப்பு. ஒரு வகுப்பில் ஒருத்தன் ஜன்னலை உடைத்தால் முழு வகுப்பையும் முட்டி போடச் சொன்னா நாம ஒத்துக்குவோமா?

கொச்சிக்கடை அந்தோணியார் கோயிலுக்கு இந்துக்களும் பௌத்தர்களும்கூட மெழுகுவர்த்தி ஏற்ற வருவார்கள். குண்டு வெடித்த அதே கோயிலை 2019 ஜூனிலேயே செப்பனிட்டுத் திறந்து விட்டார்கள். ஜனங்களும் திரும்ப வந்தார்கள். பயம் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. பயத்தோடயே வந்தாங்க. நம்பிக்கை என்றால் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே தோழிகளே, தோழர்களே! இறந்தவர்களுக்காக அழுவோம். கடமை தவறியவர்களைக் கேள்வி கேட்போம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை மட்டும் விசாரணைக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி