பழைய ஃபிரேமுக்குப் புது வண்ணம்



கோடை விடுமுறை வந்துவிட்டது. அடுக்ககங்களின் படிக்கட்டுக்கு அடியில் தூசி படிந்து நிற்கும் கியர் சைக்கிள்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கேட்பதில்லை. டயரை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டால் ஓடிவிடக்கூடிய வண்டிகள்தான் அவற்றில் பல. வண்ணம் உரிந்து ஸ்டிக்கர் கிழிந்துபோனதால் பிள்ளைகள் தொடுவதில்லை. பெரியவர்கள் எடைக்குப் போட நாள் பார்க்கிறார்கள். இந்த விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவற்றில் அலுமினிய ஃபிரேம் உள்ள வண்டியின் பழைய பெயிண்டை நீக்கிப் புதிதாகப் பூசிப் பாருங்கள் என்று கேட்கவே இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

தாதுவிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் எடுக்க 13 முதல் 15 யூனிட் வரை மின்சாரம் வேண்டும். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் மேட்டூர் ஆலையில் உருகி அலுமினியமான காலம் ஒன்று இருந்தது. மலையைக் குடைந்து, இவ்வளவு மின்சாரத்தைச் செலவழித்து உண்டாக்கிய பொருளை, வண்ணம் போனது என்பதற்காக எறிவது எனக்குச் சம்மதமில்லை. சைக்கிள் வீரர் மார்கோ பந்தானி 1998-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றதும் ஓர் அலுமினிய சைக்கிளில்தான் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்களுக்கும் ஆர்வம் பிறக்கும்.

நம் ஊரில் ‘ஓவராயில்’ தெரியாத சைக்கிள் கடை கிடையாது. ஆனால் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949-இல் சென்னையில் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கடைக்காரர்களின் கைகளுக்குப் பழகியது இரும்பு. பெயிண்டை நெருப்பால் பொசுக்குவது, காஸ்டிக் சோடாவில் ஊறவைப்பது, கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பது, கடைசியில் ரெட் ஆக்சைடு அடிப்பது எல்லாம் இரும்புக்குச் சரி. அலுமினியத்துக்கு இவற்றில் ஒன்றுகூட ஆகாது.

நெருப்புதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. சைக்கிள் ஃபிரேம்களில் அதிகம் புழங்கும் 6061 என்ற வகை, அலுமினியத்தோடு மக்னீசியமும் சிலிக்கனும் கலந்தது. அதை 530 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி 170 டிகிரியை ஒட்டிய மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வைத்துத்தான் அதன் வலிமையைக் கொண்டுவருகிறார்கள். ப்ளோ லாம்ப் பட்ட இடத்தில் அந்த வலிமை போய்விடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியமோ பகல் வெளிச்சத்தில் நிறம் மாறாமலே இருந்து 660 டிகிரியில் உருகி வழிந்துவிடும். பவுடர் கோட்டிங் அடுப்பின் 180, 200 டிகிரிச் சூட்டைக் கொஞ்ச நேரம் தாங்கும் ஃபிரேம், கட்டுப்பாடில்லாத தீயைத் தாங்காது.

காஸ்டிக் சோடா பெயிண்டோடு நிற்காமல் அலுமினியத்தையும் கரைத்து, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். இரும்புக் கம்பி பிரஷ் தேய்த்தால் இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து, பின்னாளில் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

அப்படியானால் எதால் எடுப்பது? கூழ் போன்ற பெயிண்ட் ரிமூவர் போதும். டப்பாவின் மேல் டைகுளோரோமீத்தேன் அல்லது மெத்திலீன் குளோரைடு என்று இருந்தால் வாங்க வேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து. அதன் ஆவி உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும். மூடிய குளியலறைக்குள் அதைப் பயன்படுத்திய தொழிலாளிகள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2019-இல் வீட்டு உபயோகத்துக்கு அதன் விற்பனையைத் தடுத்துவிட்டார்கள். அது இல்லாத ரிமூவர் மெதுவாகத்தான் வேலை செய்யும். செய்யட்டும். தடிமனாகப் பூசி, காயாமல் பாலிதீன் தாளைச் சுற்றி வைத்தால் பெயிண்ட் சுருங்கி எழும்பும். பிளாஸ்டிக் கரண்டியால் வழித்துவிடலாம். வேலை மொட்டைமாடியிலோ முற்றத்திலோ நடக்கட்டும். ரசாயனம் தாங்கும் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்; ரிமூவரைப் பெரியவர்கள் மட்டும் தொடட்டும். கார்பன் ஃபோர்க் இருந்தால் முதலிலேயே கழற்றித் தள்ளி வையுங்கள், அதன் பிசினை ரிமூவர் அரித்துவிடும்.

கழற்றும்போது ஒன்று: இடது பெடலும், பெரும்பாலான வண்டிகளில் பெடல் அச்சின் வலப்பக்கக் கப்பும் தலைகீழ் மரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால்தான் கழலும். தெரியாமல் எதிர்ப்பக்கம் முறுக்கி மரையைக் கெடுத்துவிட்டால் ஃபிரேமே வீண். அச்சுக் குழாயின் அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள். வண்டி திருடு போனால் போலீசில் கேட்பது அதைத்தான்.

பிறகு வாட்டர் பேப்பர். 220-இல் தொடங்கி 400-க்குப் போகலாம். தண்ணீர் விட்டே தேய்த்தால் தூசி பறக்காது. இந்த வேலையைப் பிள்ளைகளிடம் தாராளமாகக் கொடுக்கலாம்.

வெறும் அலுமினியம் காற்றுப் பட்ட நொடியிலேயே ஆக்சைடு போர்வை ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. துருப்பிடிக்காமல் அதைக் காப்பது அதுதான். பெயிண்டை ஒட்டவிடாமல் செய்வதும் அதுதான். கடைக்காரர் பழக்கத்தில் எடுத்துத் தரும் ரெட் ஆக்சைடை மறுத்து, எட்ச் பிரைமர் என்று கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள அமிலம் உலோகத்தைக் கொஞ்சம் கடித்துப் பிடித்துக்கொள்ளும். தேய்த்துத் துடைத்துக் காய்ந்த அன்றே அடித்துவிட வேண்டும். நடுவில் வெறுங்கை படக் கூடாது.

வண்ணம் உங்கள் விருப்பம். ஸ்ப்ரே டப்பாவை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சாகப் பல தடவை அடியுங்கள். கத்திரி வெயிலில் சுடும் ஃபிரேமில் அடித்தால் பெயிண்ட் பரவும் முன்பே காய்ந்து சொரசொரக்கும். மழைநாளில் அடித்தால் வெளுத்துப்போகும். காலை நிழலே நல்லது. கடினமாக்கி (ஹார்ட்னர்) கலந்து அடிக்கும் கார் பெயிண்ட் வீட்டுக்கு வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட்டைச் சாதாரண முகக்கவசம் தடுக்காது. பெயிண்ட் பூசாமல் பளபளவென்று பாலிஷ் போட்டே விடலாமா என்று சிலர் கேட்பார்கள். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று அதைக் குழிகுழியாக அரித்துவிடும். அடித்த பெயிண்ட், தொட்டால் ஒட்டாத அளவுக்கு ஒரு மணி நேரத்தில் காய்ந்தாலும், உள்ளே இறுக ஒரு வாரமாவது ஆகும். அதற்குள் பூட்டிவிடாதீர்கள்.

இத்தனை வேலைக்கும் எனக்குத் தெரிந்த பெரிய பயன் வேறொன்று உண்டு. பெயிண்ட் போன ஃபிரேம் தன் காயங்களை மறைக்க முடியாது. குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த சுமையை எத்தனை முறை தாங்கினாலும் இரும்பு களைக்காது. அலுமினியத்துக்கு அப்படியொரு எல்லை இல்லை, சிறு அதிர்வுகளும் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் விரிசலாகலாம். ஹேண்டில்பார் குழாயின் வெல்டிங், பெடல் அச்சைச் சுற்றிய இடம், சீட் குழாய் சேரும் இடம் மூன்றையும் பிரைமர் அடிக்கும் முன்பே நல்ல வெளிச்சத்தில் நகத்தால் தடவிப் பாருங்கள். விரிசல் இருந்தால் பக்கத்துப் பட்டறையில் ஒட்டவைத்து ஓட்ட வேண்டாம். பற்றவைத்த சூட்டில் இழந்த வலிமை, ஃபிரேமை முழுதாக மறுபடி சூட்டுப் பதப்படுத்தினால்தான் திரும்பும். அந்த ஃபிரேமை வண்ணம் பூசி விற்கவோ யாருக்கும் தானமாகக் கொடுக்கவோ செய்யாதீர்கள். இரண்டாக அறுத்து, பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்