ஜாபிதாவில் ஏறாத பெயர்

தொழில் காரணமாகச் சிறைப்பட்ட நிருபருக்கும் உயிரிழந்த நிருபருக்கும் பரிந்து பேசுவதையே முழுநேரக் கடமையாக ஏற்றவர்களைக் குறித்து நம்மிடையே நிலவும் அபிப்பிராயம், அவர்கள் கண்டன அறிக்கை விடுகிறவர்கள் என்பதற்கு மேல் செல்வதில்லை. அவர்களுடைய பிரயத்தனத்தில் கண்டனம் சிறு பகுதியே. எஞ்சியதெல்லாம் நம்முடைய வேலைதான், அதாவது விசாரித்து, ஒத்துப்பார்த்து, நிச்சயமானதை மட்டும் எழுதுவது.

அமெரிக்கப் பத்திரிகையாளர் சிலர் 1981-இல் நியூயார்க்கில் நிறுவிய பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு, மறு ஆண்டே, பாக்லாந்து யுத்தத்தின்போது அர்ஜென்டினாவில் வேவுக் குற்றம் சாட்டிச் சிறை வைக்கப்பட்ட பிரிட்டிஷ் பத்திரிகையாளர் மூவருக்காக, தொலைக்காட்சியில் பெரும்புகழ் பெற்ற வால்டர் கிராங்கைட்டின் கையொப்பத்தோடு கடிதம் அனுப்பியது, மூவரும் விடுதலையாயினர். ஆயினும் புகழ் பெற்றவர் கையொப்பம், பலமுள்ள தேசத்துப் பிரஜைக்குப் பலிப்பது போல ஏனையோருக்கு விரைவில் பலிப்பதில்லை. தாம் எழுதிய கட்டுரைகளுக்காக 2009 ஆகஸ்டில் 20 ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்ட இலங்கைத் தமிழர் ஜெ.எஸ். திசைநாயகத்துக்கு அக்குழு அவ்வாண்டின் சர்வதேச விருதை அளித்தது. அவர் ஜாமீனில் வெளிவந்தது 2010 ஜனவரியில், மன்னிப்புப் பெற்றது அதன் பின்னர்.

எமக்கு இவற்றினும் முக்கியமாகத் தோன்றுவது, கொலையுண்டோர் ஜாபிதாவை அக்குழு பேணும் முறை. தொழிலின் நிமித்தமே கொல்லப்பட்டார் என்று உறுதியானவர்களை ஒரு வகுப்பிலும், காரணம் துலங்காதவர்களை மற்றொரு வகுப்பிலும் அது வைக்கிறது. ஒத்த நோக்கமுடைய ஸ்தாபனங்களின் கணக்குகள் ஒன்றோடொன்று பொருந்தாதது கண்டு சிலர் நகைப்பதுண்டு. அளவுகோல் வேறானால் தொகையும் வேறாகும் என்பதை, தேர்தல் கூட்டத்துக்கு வந்தவர்களை எண்ணிப் பழகிய நம் நிருபர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஐயத்துக்குரிய ஒரு பெயரைச் சேர்த்துத் தொகையைப் பெருக்கினால், அந்த ஒன்றைக் காட்டியே சர்க்கார் முழு ஜாபிதாவையும் தள்ளிவிடும்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் மகிந்தனாவ் மாகாணத்தில் 2009 நவம்பர் 23-ஆம் தேதி, ஒரு வேட்பாளருக்காக மனுத் தாக்கல் செய்யச் சென்றவர்களை வழிமறித்து நிகழ்த்திய படுகொலையில் மாண்ட 58 பேரில் 32 பேர் பத்திரிகைத் தொழிலைச் சேர்ந்தவர்கள். தீர்ப்பு வர 10 ஆண்டுகள் ஆயின. முக்கியக் குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டனர். ஆனால் நீதிமன்றம் ஏற்ற கொலைகள் 57. ஒரு புகைப்படக்காரரின் உடல் அகப்படவில்லை. அகப்பட்டதாகச் சொல்லப்பட்ட பல்செட்டு, சட்டத்தின் கண்ணுக்குப் போதிய சாட்சியமாகவில்லை. சட்டம் கைவிட்ட அம்மனிதரைத் தொழில் உலகம் மட்டும் தன் கணக்கில் வைத்திருக்கிறது.

கொல்லப்படுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் போர்முனை காணப் பறந்து சென்றவர்களல்லர். தம் ஊர் விவகாரங்களைத் தம் ஊரிலிருந்தே எழுதியவர்கள். அவர்களுள் பலர் நியமனக் கடிதமோ அடையாளச் சீட்டோ இன்றி, செய்திக்கு இத்தனை என்று கூலி பெறுகிறவர்கள். அத்தகையவர் வீழ்ந்தபின், அன்று அவர் எச்செய்திக்காகச் சென்றார் என்று பாதுகாப்புக் குழு கேட்கும்போது, எம் ஊழியரல்லர் என்று பத்திரிகை அலுவலகமே கைவிரிக்குமானால், கொலையின் காரணத்தை எவர் நிரூபிப்பார்? மாவட்ட நிருபரை அனுப்பும் ஒவ்வொரு செய்தி ஆசிரியரும் அனுப்பிய தேதியையும், விஷயத்தையும், அவருக்கு முன்பே வந்த மிரட்டல்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பாராக. அதற்கு எந்தச் சர்வதேச ஸ்தாபனத்தின் உதவியும் வேண்டியதில்லை.