முதலைக்கும் இடனறிதல் உண்டு

வள்ளுவர் முதலையைப் பற்றிப் பேசுவது அருளுடைமையிலோ கொல்லாமையிலோ அன்று. பொருட்பாலில், இடனறிதல் அதிகாரத்தில். ஆழ்ந்த நீருக்குள் இருக்கும்வரை முதலை எதனையும் வெல்லும், நீரைவிட்டு நீங்கினால் பிற உயிர்கள் அதனை வென்றுவிடும் என்பது அக்குறளின் பொருள். அதே அதிகாரத்தின் இறுதிக் குறளில், சேற்றில் கால் புதைந்த யானையை நரி கொன்றுவிடுகிறது. படையெடுக்கும் அரசன் தனக்குரிய களத்தை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்ட உவமைகள் இவை. வகுப்பறைகளில் அரச நீதியாகவே இவற்றை நடத்துவது வழக்கம். ஆனால் உவமையாக வந்த முதலையை ஒருமுறை முதலையாகவே வைத்துப் படித்துப் பார்க்கலாம். அழிந்துவரும் உயிரினங்களை உயிரியல் பூங்காக்களில் அடைத்துக் காக்கலாமா, கூடாதா என்று இன்று நடக்கும் விவாதத்துக்கு இதைவிடச் சுருக்கமான முன்னுரை தமிழில் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

அந்த விவாதத்தில் இரண்டு அணிகள் உண்டு. கூண்டு என்பதே குற்றம், விலங்கைக் காட்சிப்பொருளாக்கும் எந்த ஏற்பாடும் ஒழிக்கப்பட வேண்டும் என்பது ஓர் அணி. காடுகளும் ஆறுகளும் சீரழிந்துவிட்ட இக்காலத்தில் பூங்காக்களே கடைசிப் புகலிடம், அங்கே இனப்பெருக்கம் செய்தால் எந்த உயிரையும் காப்பாற்றிவிடலாம் என்பது மற்றோர் அணி. இரு அணியினரும் கூண்டையே பார்த்துக்கொண்டு பேசுகிறார்கள் என்பது நம் எண்ணம். கூண்டுக்குள் பிறந்த உயிர் திரும்பிப் போவதற்கு ஓர் இடம் வெளியே இருக்கிறதா என்பதுதான் முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி. அதற்கு விடை தேட நம் நாட்டு முதலைகளின் ஐம்பதாண்டு வரலாறே போதும்.

தோலுக்காக வேட்டையாடப்பட்டும், முட்டைகள் எடுக்கப்பட்டும், அணைகளால் வாழிடம் குலைந்தும் 1970களின் தொடக்கத்தில் இந்திய முதலைகள் அழிவின் விளிம்பில் நின்றன. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் உதவியோடு மத்திய அரசு முதலைத் திட்டத்தைத் தொடங்கியது. ஆற்றங்கரைகளிலிருந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைப்பது, குஞ்சுகளை எதிரிகளிடமிருந்து தப்பும் பருவம்வரை வளர்ப்பது, பிறகு ஆற்றில் விடுவது என்பதே அதன் முறை. தமிழகத்தில் அமராவதி, சாத்தனூர், ஒகேனக்கல் ஆகிய இடங்களில் முதலைப் பண்ணைகள் எழுந்தன. 1976இல் ரோமுலஸ் விட்டேக்கரும் சாய் விட்டேக்கரும் நண்பர்களும் மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் சென்னை முதலைப் பண்ணையைத் தொடங்கினார்கள். இருக்கும் முதலைகளைப் பெருக்கி வைப்போம், இடம் கிடைக்கும்போது ஆறுகளுக்கு அனுப்புவோம் என்ற எண்ணத்தில்தான் அதற்கு ஆங்கிலத்தில் முதலை ‘வங்கி’ என்று பெயரிட்டார்கள்.

வங்கியில் வைப்பு பெருகியது. நம் ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழும் நன்னீர் முதலை எளிதில் இனம் பெருக்கக் கூடியது. ஒரு பெண் முதலை ஓர் ஈட்டில் இருபது முப்பது முட்டைகள் இடும். வடநெம்மேலியில் நல்ல உணவும் வெப்பமும் கிடைத்ததால் ஒரே பருவத்தில் இருமுறை முட்டையிட்ட முதலைகளும் உண்டு. இயற்கையில் நூறு குஞ்சுகளில் ஒன்றிரண்டே வளர்ந்து நிற்கும். மற்றவை மீனுக்கும் நாரைக்கும் உடும்புக்கும் இரையாகும். பண்ணையில் அந்தக் கழித்தல் கணக்கு இல்லை. எனவே சில ஆண்டுகளிலேயே நூறுகள் ஆயிரங்களாயின.

ஆனால் வைப்பை எடுத்துச் செலவிட இடமில்லை. விடத்தக்க அணைக்கட்டுகளும் சரணாலயங்களும் விரைவில் நிரம்பின. மக்கள் புழங்கும் நீர்நிலைகளில் முதலை விடுவதை எந்த மாநிலமும் விரும்பவில்லை. 1990களின் நடுவில் மத்திய அரசு விடுவிப்புகளை நிறுத்தியது. அழிவிலிருந்து காக்கத் தொடங்கப்பட்ட பண்ணை, பிறகு பிறப்பைத் தடுக்க முட்டைகளை அகற்ற வேண்டிய நிலைக்கு வந்தது. முடிவில், ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரிலுள்ள தனியார் காப்பகத்துக்கு அனுப்ப ஒப்புதல் கிடைத்து, 2022இல் அவை வண்டியேறிப் போயின. ஒரு வேலியிலிருந்து இன்னொரு வேலிக்கு! இதனைப் பண்ணையின் தோல்வி என்று நாம் சொல்லவில்லை. தனக்கு இடப்பட்ட பணியை அது தேவைக்கு மேலாகவே செய்தது. பெருக்குவது எளிது, குடியமர்த்துவதே அரிது என்ற உண்மையை நாட்டுக்குக் காட்டிய வகையில் அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

வடநாட்டு ஆறுகளின் கரியால் முதலையின் கதை இதன் மறுபக்கம். மீன் மட்டுமே தின்னும், மனிதரைத் தாக்காத, நீண்ட மெல்லிய மூஞ்சியுடைய உயிர் அது. அதற்கு விடுவிப்பு நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான இளம் கரியால்கள் சம்பல் முதலிய ஆறுகளில் விடப்பட்டன. திட்டம் வென்றுவிட்டது என்றே பலரும் நம்பினார்கள். ஆனால் 2007இல் உலக அளவில் ‘மிக அருகிவிட்ட இனம்’ என்ற பட்டியலுக்கு அது இறங்கியது. அந்தக் குளிர்காலத்திலேயே சம்பல் ஆற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட கரியால்கள் செத்து ஒதுங்கின. மணல் அள்ளப்பட்ட கரையில் முட்டையிட இடமில்லை. வலைகள் விரிந்த நீரில் மூச்செடுக்க மேலே வர வழியில்லை. அணைகள் தடுத்த ஆற்றில் ஓட்டமில்லை. ஓட்டைப் பானையில் நீரூற்றுவதற்கு ஆயிரம் குடம் இருந்தால் என்ன, பத்தாயிரம் இருந்தால் என்ன?

இவ்வளவு சொல்வதால் நாம் பூங்காக்களுக்கு எதிரானவர்கள் என்று வாசகர்கள் கருதிவிடக் கூடாது. சென்னையில் 1855இல் எட்வர்டு பால்ஃபர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய விலங்குக் காட்சிச்சாலை வேடிக்கைக்காகவே இருந்தது என்பது உண்மை. அதன் வழிவந்த வண்டலூர்ப் பூங்கா 1985இல் திறக்கப்பட்டபோது கூண்டுகளுக்குப் பதில் அகழி சூழ்ந்த திறந்தவெளிகள் வந்தன. சிங்கவால் குரங்கு போன்ற அரிய உயிர்கள் அங்கே குட்டி ஈன்றன. மேலும், பூங்காக்கள் இல்லையென்றால் இன்று உலகிலேயே இல்லாதிருக்கும் உயிர்களும் உண்டு. அரேபிய ஓரிக்ஸ் என்னும் வெள்ளை மான் 1972இல் பாலைவனத்திலிருந்து முற்றிலும் மறைந்தது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பூங்காவில் முன்னரே சேர்த்து வளர்க்கப்பட்ட மந்தையின் வழித்தோன்றல்கள்தாம் 1982இல் ஓமன் நாட்டுக்குத் திரும்பின. நம் அசாமில் 1996இல் பிடிக்கப்பட்ட ஆறே ஆறு குள்ளப்பன்றிகளிலிருந்து ஓர் இனமே மீட்கப்பட்டு, 2008 முதல் புல்வெளிகளில் விடப்பட்டு வருகிறது. இதைச் செய்தவர்களை வணங்கத்தான் வேண்டும்.

ஆயினும் அந்த ஓரிக்ஸின் பிற்கதையையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஓமனில் நானூறுக்கு மேல் பெருகிய மான்களை 1996 முதல் திருட்டு வேட்டைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். எண்ணெய் தேடுவதற்காகச் சரணாலயத்தின் பெரும்பரப்பை அரசே சுருக்கியது. 2007இல் அவ்விடம் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. மான் திரும்பி வந்தது. வந்த இடம் அதற்குரியதாக நிலைக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக நம் பாறுக் கழுகுகளின் கதையில் வரிசை சரியாக இருந்தது. கால்நடைகளுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் வலிமருந்தே அவற்றைக் கொன்றது என்று 2004இல் கண்டறிந்தார்கள். ஹரியானாவின் பிஞ்சோரில் பாறுகளை அடைத்து வளர்க்கும் மையம் செயல்பட்டது. அதனோடு நிற்காமல் 2006இல் அம்மருந்தின் கால்நடைப் பயன்பாடு தடைசெய்யப்பட்டது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசிகுளோஃபெனாக் ஆகியவையும் தடைக்குள் வந்தன. வெளியே கிடக்கும் பிணத்தில் நஞ்சு இருக்கும்வரை உள்ளே வளர்த்த குஞ்சைத் திறந்துவிடுவது கொலைக்குச் சமம் என்பதை உணர்ந்து, தடைக்குப் பின்னும் நீண்டகாலம் காத்திருந்தே பறவைகளை விடுவித்தார்கள். தமிழகத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகளோ எந்தக் கூண்டிலும் வளர்ந்தவையல்ல. அவற்றுக்கு வேண்டியது நஞ்சில்லாத இரை மட்டுமே.

இந்த உலகக் கதைகளெல்லாம் நம் ஊர்ப்புறத்துக்கு எதற்கு என்று கேட்கலாம். மீன்சுருட்டியிலிருந்து தெற்கே, கங்கைகொண்ட சோழபுரத்தைக் கடந்து கும்பகோணம் செல்லும் சாலையில் அணைக்கரை வருகிறது. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய கீழணை அங்கேதான் இருக்கிறது. அந்தக் கொள்ளிடத்தில் முதலைகள் இருக்கின்றன. எந்தப் பண்ணையும் தேவைப்படாமல் தாமாகவே முட்டையிட்டு, தாமாகவே குஞ்சு பொரித்து வாழும் முதலைகள் அவை. சென்னையில் ஆயிரக்கணக்கில் வளர்த்தும் வைக்க இடம் கிடைக்காத அதே உயிர், இங்கே தன் இடத்தைத் தானே வைத்திருக்கிறது.

ஆனால் அந்த ஆற்றில்தான் நம் மக்களும் குளிக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள், மாட்டைக் கழுவுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள். கீழணைக்குக் கிழக்கே, சிதம்பரம் வட்டாரத்துப் பழைய கொள்ளிடக் கரை ஊர்களில் முதலைக்குக் காலையும் கையையும், சிலவேளை உயிரையுமே இழந்தவர்கள் இருக்கிறார்கள். குளத்துக்குள் வந்துவிட்ட முதலையை வனத்துறையினர் பிடித்து வக்காரமாரி நீர்நிலையில் விடுவதும், மழைவெள்ளத்தில் முதலைகள் மீண்டும் ஊர்க்குளங்களுக்கு வருவதும் அங்கே வழக்கமாகிவிட்டது. நகரத்து நாற்காலியில் இருந்துகொண்டு அந்த மக்களுக்கு உயிர்நேயம் போதிக்க நமக்கு உரிமையில்லை. ஆற்றில் இறங்காமல் அவர்களால் ஒருநாளும் வாழ முடியாது. அவர்களது அச்சத்துக்கு விடை சொல்லாத எந்தப் பாதுகாப்பும் நிலைக்காது.

அணைக்கரையில் முதலைப் பாதுகாப்பு மையம் அமைக்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பைக் கேட்டதும் பலர் மனத்தில் எழுந்த காட்சி என்னவென்று நமக்குத் தெரியும்: சுற்றுச்சுவர், தொட்டி, கம்பிவேலி, நுழைவுச்சீட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஆற்று முதலைகளைப் பிடித்து அங்கே அடைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்ற எதிர்பார்ப்பும் கரையோரத்தில் இருக்கக்கூடும். அப்படியொரு மையம் வந்தால் அது வடநெம்மேலியின் கதையைத் தலைகீழாக எழுதும். அங்கே இடமில்லாததால் முதலை வேலிக்குள் நின்றது. இங்கே இடமிருந்தும் நாம் அதனை வேலிக்குள் தள்ளியவர்களாவோம். அதற்குப் பிறகு முட்டையிடும், பெருகும், வைக்க இடம் போதாது, எங்கோ அனுப்ப வேண்டும் என்று பழைய பாடமே மீண்டும் தொடங்கும்.

வேலி தேவைதான்; அது யாரைச் சூழ வேண்டும் என்பதில்தான் நமக்கு மாறுபாடு. இலங்கையின் தென்பகுதியில் நில்வளா ஆற்றங்கரை மக்கள், தாங்கள் குளிக்கும் துறையைச் சுற்றி நீருக்குள் அடைப்புக் கட்டிக்கொள்கிறார்கள். முதலை ஆற்றில் இருக்கிறது. குளிப்பவர் அடைப்புக்குள் இருக்கிறார். குஜராத்தின் சரோத்தர் வட்டாரத்து ஊர்க்குளங்களில் முதலைகள் தலைமுறைகளாக மக்களோடு வாழ்கின்றன. முதலையை ஊர்தியாகக் கொண்ட கோடியார் அன்னையை அங்கே வழிபடுகிறார்கள். நம் முதலைகள் ஆயிரம் போய்ச் சேர்ந்த அதே மாநிலத்தில்தான் வேலியில்லாத முதலைகளும் இருக்கின்றன என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அணைக்கரை மையம் முதலில் செய்ய வேண்டியவை நமக்குத் தெளிவாகவே தெரிகின்றன. கொள்ளிடக் கரையிலுள்ள ஒவ்வோர் ஊரின் படித்துறைக்கும் பாதுகாப்பான அடைப்பு வேண்டும். ஆற்றில் இறங்கவே தேவையில்லாதபடி குழாய் நீரும் மாட்டுக்குத் தொட்டியும் வேண்டும். முதலை கூடுவைக்கும் கோடைத் தொடக்கத்தில் எந்தக் கரையில் நடமாடக் கூடாது என்ற எச்சரிக்கை ஊராருக்கு முறையாகப் போய்ச்சேர வேண்டும். அந்தக் கரைகளில் மணல் அள்ளக் கூடாது. தாக்கப்பட்டவருக்கு அலைச்சலில்லாமல் இழப்பீடு கிடைக்க வேண்டும். இவற்றுக்குப் பிறகு, காயம்பட்ட முதலையை வைத்துப் பார்க்க ஒரு தொட்டி இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கட்டும். வரிசை மாறக் கூடாது என்பதே நம் வேண்டுகோள்.

தமிழ் படித்தவர்களாகிய நமக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முதலை, இடங்கர், கராம் என்று மூன்று பெயர்களை அடுத்தடுத்துச் சொல்கிறது. இந்தியாவில் இன்றுள்ள மூன்று முதலை இனங்களோடு அவற்றைப் பொருத்திப் பார்க்கும் ஆசை யாருக்கும் எழும். ஆனால் மூன்றில் ஒன்றான கரியால் வடநாட்டு ஆறுகளுக்குரியது. எனவே அந்தப் பொருத்தம் அவ்வளவு எளிதன்று. எது எப்படியாயினும், நீருக்குள் கிடந்த ஓர் உயிரை வேறுபாடு கண்டு மூன்று பெயரிட்டு அழைக்கும் அளவுக்கு நம் முன்னோர் ஆற்றங்கரையில் நின்று பார்த்திருக்கிறார்கள். இன்று இடங்கரும் கராமும் அகராதியில் அடைபட்டுக் கிடக்கின்றன. சொல்லுக்கும் அகராதி ஒருவகைப் பூங்காதான். அங்கே அது சாகாது, ஆனால் வழக்கில் திரும்பி வராதவரை வாழ்வதாகவும் சொல்ல முடியாது.

‘முதலை’ என்ற சொல்லாவது இன்னும் கொள்ளிடக் கரையில் அச்சத்தோடும் மரியாதையோடும் அன்றாடம் புழங்குகிறது. அந்த ஆறும் அந்தக் கரை மக்களும் அந்த முதலையும் ஒருங்கே பிழைத்திருக்க வழிசெய்தால், உயிரியல் பூங்காக்கள் தம் கடமையை நிம்மதியாகச் செய்யலாம். வழிசெய்யாவிட்டால், எத்தனை ஆயிரம் முட்டை பொரித்தாலும் பூங்காக்கள் நமக்குத் தரப்போவது பார்வை நேரத்துக்குள் மட்டும் இருக்கும் முதலையைத்தான்.