பேண்டு வாத்தியமும் பளபளப்பும்

பள்ளிகளுக்குப் பேண்டு செட் வாங்கித் தரும் நற்பணியைப் பல ஊர்களில் வணிகப் பெருமக்கள் செய்து வருகிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் மல்லியை முகர்ந்தும் துவரம் பருப்பைக் கடித்தும் பார்த்துக் கொள்முதல் செய்யும் நாம், டிரம்பெட் வாங்கப் போனால் மட்டும் பளபளப்பில் மயங்கி விடுகிறோம். மஞ்சளாக மின்னுவதா, வெள்ளையாக மின்னுவதா என்பதோடு நம் ஆராய்ச்சி முடிந்து விடுகிறது. செலவாவது சங்கத்துப் பணம். ஊதப் போவதோ பிள்ளைகள்.

மீரட்டிலிருந்து வரும் சரக்கானாலும் வெளிநாட்டுச் சரக்கானாலும், டிரம்பெட்டின் உடல் பெரும்பாலும் 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளைதான். வெறுமனே விட்டால் கறுக்கும், களிம்பு ஏறும். அதற்காகத்தான் மேல்பூச்சு.

லேக்கர் என்பது ஒருவகை வார்னிஷ். விலை குறைவு. வாசித்து முடித்ததும் மெல்லிய துணியால் துடைத்து வைத்தால் போதும். கைவியர்வை படும் இடத்தில் நாளடைவில் உரியும்; அது அழகுக்குத்தான் குறை, ஓசைக்கு அல்ல. குத்துவிளக்கு நினைப்பில் புளி போட்டுத் தேய்த்து விடக் கூடாது. வெள்ளி முலாம் நெடுநாள் உழைக்கும் என்பது உண்மை. ஆனால் காற்றிலுள்ள கந்தகம் பட்டுக் கறுக்கும். அடிக்கடி துலக்க வேண்டும். வீட்டு வெள்ளிப் பாத்திரத்தையே பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் துலக்குகிறோம். பள்ளியில் யார் செய்வார்? நிக்கல் முலாம் உறுதியானது என்றாலும், சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும்.

வெள்ளி முலாமில் நாதம் கூடுமா என்று வாத்தியக்காரர்கள் ஓயாமல் வாதிடுகிறார்கள். இப்போதுதான் ஊதப் பழகும் பிள்ளைக்கு அந்த வாதம் எதற்கு? பள்ளிக்கு லேக்கரே போதும் என்பது என் கருத்து.

ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடாது. உதட்டில் படும் மவுத்பீசுக்கு வெள்ளி முலாம் அவசியம். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்க நம் வீட்டில் சம்மதிப்பார்களா? முலாம் தேய்ந்து பித்தளை தெரியும் மவுத்பீசை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

பழைய வாத்தியத்துக்குப் புது லேக்கர் அடித்து விற்பதும் உண்டு. பழைய பருப்புக்கு எண்ணெய் தடவி மெருகேற்றும் வித்தை நமக்குத் தெரியாததா? லேக்கர் அடிக்குமுன் தேய்த்து மெருகேற்றுவார்கள். அளவு மீறித் தேய்த்தால் தகடு மெலியும். எனக்குத் தெரிந்த பள்ளி ஒன்றுக்கு இப்படி நான்கு டிரம்பெட்டுகள் வந்தன. புதிதாகவே தோன்றின. வருஷம் திரும்பு முன் இரண்டில் மவுத்பீஸ் செருகும் குழாய் ஓட்டை விழுந்தது. உள்ளே தங்கும் எச்சில் ஈரத்தில் துத்தநாகம் அரித்துப் போகும். வெளியே இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரியும். அந்தக் குழாயை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பிஸ்டனை அழுத்தி விட்டால் தடையின்றி எழும்ப வேண்டும். குழாய்ச் சறுக்கிகள் கையால் இழுக்க வர வேண்டும். பணம் கட்டுமுன் ஒரு பேண்டு மாஸ்டரை அழைத்துப் போய் ஊதிக் காட்டச் சொல்லுங்கள். அவருக்குத் தரும் பஸ் கட்டணம் வீண் போகாது.

வெள்ளி முலாமுக்கு ஆகும் கூடுதல் தொகையில் நல்ல பெட்டியும் பிஸ்டன் எண்ணெயும் வாங்கிக் கொடுக்கலாம். மவுத்பீஸ் வெள்ளி முலாம், உடல் புது லேக்கர், பழைய சரக்கு அல்ல என்ற மூன்றையும் பில்லிலேயே எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.