கரைக்கிற திரவம் மாறினால் நிறமும் மாறும்!

தாயில்பட்டி பட்டாசில் சிவப்பு வேண்டுமா? ஸ்ட்ரான்ஷியம் உப்பு. பச்சைக்கு, இப்போது உச்ச நீதிமன்றம் தடை விதித்திருக்கும் பேரியம் உப்பு. நிறம் மாற மருந்தே மாற வேண்டும்.

'பி3ஹெச்டி' என்ற பிளாஸ்டிக்குக்கு அது தேவையில்லை. குளோரோஃபார்மில் கரைத்தால் ஆரஞ்சு. அதில் மெத்தனால் ஊற்றினால் ஊதா!

காரணம்? குளோரோஃபார்மில் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் தளர்வாக, வளைந்து நெளிந்து மிதக்கின்றன. மெத்தனால் அவற்றுக்கு ஒவ்வாது. அதனால் விறைத்து, ஒன்றோடொன்று ஒட்டித் தாமாகவே அடுக்கிக்கொள்கின்றன.

வளையும் சோலார் செல் தயாரிக்க, இந்தப் பிளாஸ்டிக்கை மைபோல அச்சிடுகிறார்கள். அடுக்கு ஒழுங்காக அமைந்தால்தான் மின்சாரம் நன்றாகப் பாயும். திரவத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் செல்லின் திறன் குறைந்துவிடும்.

பொருள் மட்டும் போதாது, கலக்கும் பக்குவமும் முக்கியம். தாயில்பட்டிக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.